இருபத்தோராவதாக அழைக்கப்பட்ட பெயர்

1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்து டிராஃப்டில் இருபத்தோராவதாக அழைக்கப்பட்ட ஆட்டக்காரன் இறந்து அப்போது பத்து வருடங்கள் ஆகியிருந்தன. டிராஃப்ட் என்பது, தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் கல்லூரிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். அழைக்கப்பட்டவன் பெயர் சீமோன். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் ஷெல் விழுந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. அவனை எடுத்த செய்தி ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்கு வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. எத்தனையாவதாக எடுத்தார்கள் என்றுதான் கேட்டார்கள்.

தாய் வேரோனிக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். மூத்தவன் சீமோனைக் கொண்டுபோன அதே ஷெல் வீட்டையும் எரித்ததில் இளையவன் பஸ்ரியனின் பிறப்புப் பத்திரம் சாம்பலானது. சீமோனுடையது தப்பியது, ஏனென்றால் அதைப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்திருந்தார்கள். "இருக்கிற துண்டுக்கு ஏத்த பிள்ளையைக் கொண்டு போங்கோ அக்கா" என்றான் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட். அப்படித்தான் பதினொரு வயதுப் பஸ்ரியன் பதின்மூன்று வயதுச் சீமோனாகக் கனடாவுக்குப் புறப்பட்டான். வழியில் பாங்கொக்கில் அடைந்து கிடந்த இருபத்திரண்டு நாளும் வேரோனிக்கா அவனைப் பழக்கினாள். அவன் பராக்குப் பார்க்கும் நேரமாகப் பார்த்துப் பின்னால் நின்று "பஸ்ரியன்" என்று கூப்பிடுவாள். திரும்பினால் இடது தோளுக்குக் கீழே, சதையைத் திருகி நுள்ளுவாள். அழுதால் இன்னொன்று. கடைசி வாரம் முழுக்கக் கூப்பிட்டாள், அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கெட்டிக்காரன் என்று சொல்லி அவனுக்கு ஒரு அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

ரொறொன்ரோவில் இறங்கிப் பதினொரு நாட்களுக்குள் அவன் பத்திரத்தில் இருந்த வயதுக்கு வளர்ந்து முடித்தான். அதோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. சட்டைகள் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டையாகின. இரண்டு பேர் வளரவேண்டிய வளர்ச்சியை ஒருவன் வளர்ந்தால் என்ன வரும்? ஆறடி எட்டு அங்குலம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தைக் கையில் கொடுத்தார்கள். வலது கைக்காரனான அவன் பந்தை இடது கையால் எறிந்தான். இடது கைக்காரன் சீமோன். அவனை எல்லைக்கு அப்பால் ஒரு அமெரிக்கக் கல்லூரி செலவெல்லாம் பொறுப்பெடுத்துக் கூட்டிப்போனது. அங்கே நான்கு வருடத்தில் அந்த அணி தோற்ற ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதே மாடியில் இருந்த தில்லையம்பலம், முன்னாள் தபாலதிபர், ஆட்டமெல்லாம் வேரோனிக்கா வீட்டு டிவியில் பார்த்தார். "கூடைக்கு அடியே இல்லை. பிறகு என்னத்துக்கு உதுக்குள்ள போட்டுப் போட்டு எடுக்கிறாங்கள்?" என்று நான்கு வருடமும் கேட்டார். வேரோனிக்கா ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் ஒலிபெருக்கிக்காரன் ஐந்து பெயர்களை அழைப்பான் அல்லவா, அதைக் கேட்க மட்டும் வந்து உட்காருவாள். நான்காவதாகச் சீமோன் என்பான், இருபதாயிரம் சனம் எழும்பும். பிறகு எழுந்து சமையலுக்குப் போய்விடுவாள்.

டிராஃப்ட் நடந்த அந்த வருட ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்கு வந்தான். அணியின் முதல் ஐந்து பேரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஐவரும் எடுபடுவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவன் பத்திரிகை ஒன்றையும் கொண்டு வரவில்லை, தாயைக் கூட்டிக்கொண்டு வழக்கறிஞர் கமலாம்பிகையிடம் போனான். கமலாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளையில பிழையில்லை, அவன் அப்ப சின்னன். அன்ரி, நடந்ததை எழுதி நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும், பேரை மாத்தலாம்" என்றார். வேரோனிக்கா பேனையை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், பிறகு மூடி வைத்துவிட்டு எழுந்து பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

"ஒருக்காலாவது என்ர பேரைக் கூப்பிடட்டும் அம்மா" என்றான் வீட்டில்.

"அவனுக்கு ஒழுங்காய் ஒரு அடக்கப் பூசைகூட வைக்கேல்லையடா. இப்ப இருபதாயிரம் சனம் எழும்பி நிண்டு அவன்ர பேரைச் சொல்லுது. அதை நான் எந்தக் கையால நிப்பாட்டுறது?"

"அப்ப நான் ஆர்?"

அவள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் அவளிடத்தில் நின்று கையெழுத்து வைத்திருப்பேன் என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியாது.

டிராஃப்ட் நடந்த மண்டபத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் குடும்பத்தோடு இருக்க ஒரு மேசை போட்டிருந்தார்கள். மூன்றாவதாகவும் ஏழாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் பதினேழாவதாகவும் அவனுடைய கூட்டாளிகள் போனார்கள். ஒவ்வொருவரும் போகும்போது அவன் எழுந்து கட்டிப்பிடித்து அனுப்பினான். இருபத்தோராவதாகச் சீமோனின் பெயரை அழைத்தார்கள். பஸ்ரியன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அதற்குள் மேசைக்கு அடுத்த பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுச் சீமோன் எழுந்துவிட்டான். நீலக் கட்டைக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், வலது காலில் மட்டும் செருப்பு. நேரே மேடைக்கு ஏறினான். அங்கே நின்ற பெரியவர் குனிந்து அவனுக்குக் கை கொடுத்தார். போட்ட தொப்பி மூக்குவரை இறங்கியது. அவனை எடுத்த அணியின் மேலாளர் தாளைச் சரிபார்த்தார். பெயர் சரி, பிறந்த திகதி சரி. உயரத்தை மட்டும் பேனையால் வெட்டி, நான்கடி ஏழு என்று எழுதினார்.

வேரோனிக்கா எழுந்து நின்று கைதட்டினாள். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினாள். திரும்பிப் பார்த்தபோது பஸ்ரியன் இன்னும் உட்கார்ந்திருந்தான். அந்தக் கைதட்டலுக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடவுச்சீட்டு மூத்தவனோடு போய்விட்டது. தாயும் இளையவனும் பஸ்ஸில் திரும்பினார்கள். எல்லையில் ஏறிய அதிகாரி அவனைப் பார்த்தார், கேட்க ஒன்றும் இல்லாதவர்போல அடுத்த இருக்கைக்குப் போனார். இரவல் உயரம் வழிநெடுக இறங்கிக்கொண்டே வந்தது. ஏறும்போது முன் இருக்கையில் முட்டிய முழங்கால், ஸ்காபரோ வந்தபோது முட்டவில்லை. ஐந்தடி ஏழு அங்குலத்தில், கோட்டுக் கைகள் விரலை மூட, அவன் இறங்கினான். பக்கத்து மார்க்கம் நகரில் பெட்டி அடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை.

சீமோன் நன்றாகத்தான் ஆடினான். ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி, வளரவும் இல்லை, களைக்கவும் இல்லை. பெரிய ஆட்களின் கால்களுக்கிடையில் ஓடித் திரிந்தான். முதல் பனிக்காலம் முழுக்க வேரோனிக்கா அவனை டிவியில் பார்த்தாள். ஒருமுறைகூட அவன் கமராவைப் பார்த்து அம்மா என்று வாயசைக்கவில்லை. அவனுக்கு அங்கே எல்லாம் இருந்தது. பெப்ரவரியில் ஒரு பின்னேரம் ஆட்டத்தின் நடுவில் அவள் டிவியை நிறுத்தினாள். தில்லையம்பலம் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். குசினியில் பஸ்ரியன் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பாங்கொக்குக்குப் பிறகு முதல் தடவையாக, "பஸ்ரியன்" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை.

இன்னொருமுறை கூப்பிட்டாள். அவன் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரக் கையால் இடது தோளுக்குக் கீழே தடவிக்கொண்டான். கேட்காமல் இல்லை, கோபமும் இல்லை. படித்த பாடம் அப்படி. அடுத்த வாரம் வேரோனிக்கா கமலாம்பிகையிடம் போய்க் கையெழுத்து வைத்தாள். பத்திரங்கள் எல்லாம் ஒரு வருடத்தில் சரியாகின, அவன் சொந்தப் பெயரில் கார் ஓட்டும் லைசென்ஸ்கூட எடுத்தான். பின்னால் நின்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை.

இப்போது 1999. அந்த மாடியில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆறு மணிக்கு அவன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிவான். வேரோனிக்கா பின்னால் வந்து நின்று மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுற்றிப்போய் அவனுக்கு முன்னால் நிற்பாள்.

"என்னம்மா, சொல்லுங்கோ" என்பான் அவன்.