இறுகிப்போன சின்ன கியர்

எங்கள் லாரிக்குக் கியர் கம்பி இரண்டு. பெரியது எல்லா லாரியிலும் இருப்பதுதான். பக்கத்தில் முழ உயரம் நிற்கிற சின்ன கியர்தான் விசேஷம். அதைத் தள்ளினால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும்; மணலானாலும் சேறானாலும் வண்டி ஏறி வந்துவிடும். யுத்தத்தில் பர்மாப் பக்கம் ஓடிக் களைத்து, ஏலத்தில் ராயபுரம் வேதமாணிக்கம் முதலாளி கைக்கு வந்த வண்டி அது. எண்ணூர் உப்பளத்திலிருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்கு உப்பு ஏற்றுகிறோம். உப்பளத்து மணலைச் சின்ன கியர் இல்லாமல் தாண்டுகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், சவடால்.

அந்தக் கியர்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்து, ஒருநாள் நடுமணலில் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டது. மூட்டையெல்லாம் இறக்கி, ஆளெல்லாம் தள்ளி, ஒருவழியாக ரோட்டுக்கு வந்தோம். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நாளைக்குச் சாயங்காலம் காசிமேட்டுக்கு வர்றேன், கோதண்டம். கடற்கரை மணல்ல இறக்கி ஏத்திக் காட்டு. ஏறலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றார்.

லாரி போனால் எனக்குக் கடல்தான். காசிமேட்டுக் கடலோரக் குப்பத்தில் பிறந்தும், படகில் காலை வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும் எனக்கு. 'தரையில துடுப்பு போடுறவன்' என்று பட்டப்பெயரே உண்டு. மச்சான் ரகுபதி தன் படகில் எனக்கு ஓரிடம் ஒதுக்கிவைத்து எப்போது வருவேன் என்று காத்திருக்கிறான். என் சம்சாரம் கெங்கம்மாவோ, நான் தரைக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கட்டிக்கொண்டவள். அவள் அப்பா மாரியப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடம்புகூடக் கரை சேரவில்லை.

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் 'எப்போ வருவே?' என்று எங்கள் குப்பத்தில் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஆகாது. லாரிக்குப் போகிற என்னிடமும் அவள் கேட்டதில்லை. வாசலில் ஊமைக்கோட்டான் மாதிரி நிற்பாள். "லாரி இன்னா அலை மேலயா போவுது?" என்று எரிந்து விழுவேன்.

மறுநாள் காலை குப்பத்து முனைப் பூவரச மரத்தடியில் லாரிக்குக் கீழே புகுந்தேன். அதற்கு முன்பே வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டிப் பார்த்தாகிவிட்டது. சில சமயம் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும், உருட்டினால் விட்டுக்கொடுக்கும். விடவில்லை. சரி, கியர் பெட்டிக்குள் பல் உடைந்திருக்குமோ என்று எண்ணெயை வடித்து விரலால் அலசினேன். இரும்புத்தூள் ஒரு பொட்டு இல்லை. பிறகு பெட்டியையும் கம்பியையும் சேர்க்கிற ஆணியைக் கழற்றி, பெட்டிப் பக்கத்துக் கையை மட்டும் அசைத்தேன். வெண்ணெயாகப் போய் வந்தது. அப்படியென்றால் பெட்டி பத்தரைமாற்று. கோளாறு வெளியே, மேலே எங்கேயோ.

எங்கே என்றுதான் தெரியவில்லை. உப்புக்காற்று வீசியது. மண் குளிர்ச்சியாக இருந்தது. பூவரச நிழல் சக்கரத்தின் மேல் ஆடி ஆடி, அப்படியே தண்ணீராகிவிட்டது. நான் கடலுக்கு அடியில் படுத்திருந்தேன். வாந்தி வரவில்லை, மூச்சும் முட்டவில்லை. மேலே லாரியின் வயிறு படகின் வயிறாக மெல்ல அசைந்தது. மாமனார் மாரியப்பன் நீந்தி வந்து படகின் பலகையைத் தடவிப் பார்த்தார். ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஆழத்துக்குப் போனார். தண்ணீர் முழுக்கச் சுறா எண்ணெய் நாற்றம்.

விழித்தேன். மாமனார் போய்விட்டார், நாற்றம் போகவில்லை.

மூக்கு காட்டிய வழியில் மேலே ஏறினேன். சின்ன கியர் வண்டித் தரைக்குள் இறங்குகிற இடத்தில், அது அசைகிற மூட்டு முழுக்கப் பழுப்பாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அரக்கு. உள்ளே மணலும் உப்பும் எள்ளுருண்டையில் எள் மாதிரி பதிந்திருந்தன. படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய்! அடப்பாவிகளா!

"எவன்டா இங்க எண்ணெய் பூசினவன்? கையை ஒடிச்சிடுவேன்!"

கஞ்சித் தூக்கோடு வந்த கெங்கம்மா அப்படியே நின்றாள். "நான்தான்யா. தெனம் விடியக்காலைல."

"அறிவு கீதா உனக்கு? இது இன்னா உங்க நைனா படகா?"

"நைனா திரும்பி வராத அன்னிக்கிப் படகுக்குப் பூசலய்யா. எண்ணெய் தீந்துபோச்சு, நாளைக்கிப் பூசிக்கலாம்னு வுட்டுட்டேன்." கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். "நீ கை வெச்சுத் தள்ற கம்பியாச்சே, அதுக்காவது வுடாம பூசணும்னு..."

இத்தனை காலமாக ஊமைக்கோட்டான் என்று திட்டினேனே, அவள் வாயால் கேட்காததையெல்லாம் அந்த மூட்டில்தான் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மரத்துக்குத்தான்மே அது மருந்து. இரும்பு மூட்டுல கோந்து மாதிரி காஞ்சி பூட்டுக்கும்" என்றேன் மெல்ல.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்தது. "அப்போ நான்தான் உன்னைக் கடலுக்கு அனுப்பப் பாத்தனாயா?"

"வாயைக் கழுவு. போய்க் கிராசின் எடுத்தா."

இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினோம். அவள் கந்தலை மண்ணெண்ணெயில் முக்கி முக்கித் தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் கந்தலைப் பார்த்தாள், பயத்தோடு. பூசியதைத் துடைக்கிறோமே என்ற பயம். "லாரிப் பின்பலகை பூரா மரம்தான், எல்லாம் உன்னுது, ஆசைதீரப் பூசு" என்றேன். சிரிக்கவில்லை அவள். மூட்டில் கிரீஸ் வைத்து, ஆணியைப் பூட்டி, வடித்த எண்ணெயைத் திரும்ப ஊற்றி, கம்பியைத் தள்ளினேன். 'களுக்' என்று விழுந்தது.

சாயங்காலம் முதலாளி வந்து பக்கத்தில் ஏறினார். குப்பமே வேடிக்கை பார்த்தது. ரகுபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மணல் சரிந்து அலை வரைக்கும் போனது. இஞ்சினைக் கிளப்பினேன். கெங்கம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். கையில் இன்னும் மண்ணெண்ணெய் நாற்றம்.

"எப்போ வருவே?" என்றாள்.

பக்கத்துக் கிழவி ஒருத்தி 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள்.

"இதோ வந்துட்டேன்" என்றேன்.

வண்டியை மணலில் இறக்கினேன். நுரை முன்சக்கரத்தைத் தொட்டது. ஒரு கணம் கண்ணாடி முழுக்கக் கடல். திருப்பினேன், சின்ன கியரைத் தள்ளினேன், விழுந்தது. நான்கு சக்கரமும் மணலைக் கவ்வ, லாரி முனகிக்கொண்டே ஏறியது. மேலே அவள் அதே இடத்தில் நின்று, கதவைப் பிடித்த கையை இன்னும் இறக்காமல் இருந்தாள்.