டின் சத்தம்

பச்சைமலை அடிவாரத்தில், துறையூருக்குப் போகும் வண்டிப்பாதையை ஒட்டிய கொல்லைக்காட்டில் சந்திரம்மாள் ஐந்து வருஷமாகத் தனியாகக் கிடந்தாள். புருஷன் போன கையோடு கிணற்றுப் பங்கில் சண்டை மூண்டு, கொழுந்தன் குடும்பத்தோடு பேச்சு அறுந்துவிட்டது. ஊரில் இருந்தால் அந்த முகங்களில் விழிக்க வேண்டுமே என்று, கொல்லையிலேயே கூரைக் கொட்டகை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீம்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊர் ஒன்றும் தூரமில்லை, நடுவில் கரடு என்கிற சின்னப் பாறைக்குன்று ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் தான் செத்து நாறினால்தான் அங்கே தெரியவரும் என்று சொல்லிக்கொள்வாள். சொல்வதும் செவலையிடம்தான். செவலை அவளுடைய பசு. நிறைசினை, இன்றோ நாளையோ.

அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனி. கோடைச்சோளம் பால் பிடித்திருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை தகர டின்னைத் தட்டிக் கிளி விரட்டுவதுதான் வேலை. மலையில் புகை தெரிந்தது. பங்குனியில் மலை எரிவது புதிதா என்ன? புதுப்புல் முளைக்கட்டும் என்று யாராவது வைப்பார்கள், ஓடையோடு அணைந்துவிடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஓடை முழுக்கக் காய்ந்த கோரை. மத்தியானம் காற்று திரும்பியதும் நெருப்பு இக்கரைக்கு வந்துவிட்டது.

கத்திப் பார்த்தாள். புகை தொண்டையை அடைத்தது. டின்னை எடுத்து வெறிபிடித்தவள் போல அடித்தாள். கை கன்றிப்போயிற்று. கரட்டுப் பக்கம் ஒரு தலையும் தெரியவில்லை. சோளத்தட்டைப் போர் பற்றிக்கொண்டபோது அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

டின்னை எறிந்துவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள். செவலை மிரண்டு இழுத்ததில் கயிறு இறுகிக் கிடந்தது. அரிவாளால் அறுத்தாள். வயிற்றுப் பாரத்தோடு அது நகர மறுத்தது. கெஞ்சி, திட்டி, வாலை முறுக்கி, கிணற்றடி ஈரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பின்னால் கூரை எரிந்தது.

"நாதியத்துப் போயிட்டோம்டி" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சற்று நேரத்தில் கரட்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் கொழுந்தன் பெண்டாட்டி மயிலம்மாள். ஆண்கள் வேப்பங்கொப்புகளை ஒடித்து, சோளத்தை நோக்கி வந்த நெருப்பை அடித்து அணைத்தார்கள். கொட்டகையில் நாலு கால்தான் மிச்சம்.

மயிலம்மாள் அவள் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் சந்திரம்மாள்.

"சத்தம் நின்னுபோச்சேக்கா."

"அதுக்கு?"

"நீங்க டின் தட்டுறதக் கேட்டுக்கிட்டேதான் நான் வேலை பாப்பேன். கிளிக்காலம் வந்தாத்தான் எனக்கு நிம்மதி. மத்த நாள்ல நீங்க எப்படி இருக்கீங்கன்னே தெரியாது. இன்னைக்கு ஓயாம கேட்டுச்சு, கிளி சாஸ்தி போலன்னு இருந்துட்டேன். பட்டுன்னு நின்னுச்சு. பொழுது இருக்கையில நீங்க நிறுத்த மாட்டீங்களே. அதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடியாந்தேன்."

ஐந்து வருஷமாக ஒருத்தி அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஒரு நாள் வந்து பாத்திருக்கலாம்ல?"

"நீங்க கூப்பிடவே இல்லையேக்கா."

இன்றைக்குக் கூப்பிடத்தான் அப்படி அடித்தேன் என்று சந்திரம்மாள் சொல்லவில்லை. சொன்னால் மயிலம்மாள் தாங்கமாட்டாள்.