வாசல் வரை போன இரண்டு நிமிஷம்

கதவைத் தட்டியவர் அறுவடை மெஷின் ஓட்டுபவர். வயல் இன்னும் காயவில்லை, மெஷினை எந்தப் பக்கம் இறக்குவது என்று கேட்டார். கிளாட்சன் வாசலில் நின்றபடியே கைகாட்டினான். இரண்டு நிமிஷம் இருக்கும். உள்ளறையில் அவன் மனைவி பிரின்ஸி, கைகளும் வாயும் கட்டப்பட்டுக் கட்டிலில் கிடந்தாள்.

அது இருவருக்கும் பிடித்த விளையாட்டு. கல்யாணமாகி ஏழாவது வருஷத்தில், சொல்லவா வேண்டாமா என்று பல நாள் தயங்கிவிட்டு அவள்தான் கேட்டாள். விதிகளையும் அவளே வகுத்தாள். அவள் மன்னார்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயைக் கட்டியபின் ‘போதும்’ என்று சொல்ல முடியாது, அதனால் கையில் சாவிக்கொத்து. அது விழுந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். தலைமாட்டில் கத்தரிக்கோல். துணியை வாய்க்குள் திணிக்கக் கூடாது. சளி இருந்தால் அன்றைக்குக் கிடையாது. ஒரு நொடிகூடத் தனியாக விடக் கூடாது.

அவன் திரும்பி வந்தபோது சாவிக்கொத்து மெத்தைமேல் கிடந்தது. விழுந்த சத்தமே கேட்டிருக்காது. அவள் முகம் கறுத்து, கண்கள் பிதுங்கி, மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. முதலில் வாய்த்துணியை வெட்டினான், பிறகு கைக்கட்டை. தூக்கி உட்காரவைத்தான். அவள் சத்தமாக முதல் மூச்சை இழுக்கும்வரை முதுகைத் தேய்த்தான்.

மூச்சு சீரானதும் அவள் சொன்னாள்: “சாவிய போட்டேங்க. நீங்க இல்ல.”

அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கயிறு, துணி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தான். “எல்லாத்தையும் கொளுத்திடுறேன்.”

“துணி என்ன பண்ணுச்சு? நீங்கதான எந்திரிச்சுப் போனீங்க.”

அவன் பையைக் கீழே போட்டான். அவள் தலைகுனிந்து, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “காலைலேர்ந்தே எனக்கு மூக்கடைப்பு. சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு சொல்லல.”

“நர்ஸு நீ! உனக்குத் தெரியாதா பிரின்ஸி?” கத்திவிட்டான். கத்தியதும் அழுகை வந்தது.

“தெரியும்,” என்றாள். “தெரிஞ்சுதான் மறைச்சேன்.”

லீவு போடச் சொன்னான், கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் ஒருதடவை காட்டிக்கொள்கிறேன் என்றாள். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள். மதியம் இரண்டு மணி பஸ்ஸில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்ததும் கிளாட்சன் பைக்கை எடுத்தான். ஏன் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பஸ் கக்கிய புகையையும் புழுதியையும் விழுங்கியபடி, முந்தாமல், பின்தங்காமல் போய்க்கொண்டிருந்தான். வாய்க்கால் பாலத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். கையசைக்கவில்லை. பின்கண்ணாடிக்கு முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கண்ணாடியில் அவள் மூச்சு பனித்தது, மறைந்தது, மறுபடி பனித்தது.