அலசி வைத்த கிண்ணம்

டிசம்பர் 20, ஞாயிறு. இன்றைய தவறு: வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்குவதற்கு முன்பே எடை போட்டுவிட்டேன். நீக்கிய பிறகு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கவில்லை. இது இரண்டாவது தவறா, முதல் தவறின் மிச்சமா என்று தெரியவில்லை.

எழுதிவிட்டு, நோட்டை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். எழுதிய வரிக்குக் கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, செய்யும் ஒவ்வொன்றையும் செய்த கையோடு எழுதிக்கொண்டே வந்தாள். மாலை பேக்கரி வகுப்பில் அவளுக்கு 'நோட்டு' என்றே பெயர். வீட்டில் அண்ணி அதற்கு ஒரு மரியாதையும் சேர்த்து 'நோட்டம்மா' ஆக்கியிருந்தாள்.

வகுப்பு நடத்தும் பேக்கரிக்காரம்மாவுக்குப் புது வருஷத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும். வேலையோடு பேக்கரி மாடியில் ஒரு அறையும் உண்டு. அறைக்குக் கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: இவளும், பகலில் துணி தைக்கும் ஒரு தையல்காரரும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இருவரும் ஆளுக்கு முப்பது சாக்லேட் கடலை மிட்டாய் கொண்டுவர வேண்டும். ஓவனில் வைத்துச் சுடுகிற வேலையே கிடையாது. சாக்லேட்டை உருக்கி, கடலையைப் புரட்டி, கரண்டியால் சின்னச் சின்னக் குவியலாக வைத்து இறுகவிட வேண்டும், அவ்வளவுதான். விடுமுறைக்கு முதலில் விற்றுத் தீர்கிற சரக்கு அதுதானாம். "மேல மினுமினுக்கணும். உடைச்சா டக்குன்னு கேக்கணும். இது ரெண்டும் வராத கை எனக்கு வேண்டாம்" என்று பேக்கரிக்காரம்மா சொல்லியிருந்தாள்.

நான்கு வருஷமாக அண்ணன் வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், மடக்குக் கட்டிலில் படுக்கிறவளுக்குத் தாழ்ப்பாள் என்பது சின்ன விஷயமல்ல.

கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. நறுக்கிய சாக்லேட் ஓரத்தில் இளகி, நடுவில் பளபளத்து, இதோ வந்துவிட்டது என்கிற நேரத்தில் திடீரென்று முரண்டு பிடித்தது. பளபளப்பு செத்தது. கரண்டியைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கட்டி, ஈர மண்ணைப் போல் உதிர்ந்தது. எவ்வளவு கிளறினாலும் அது திரும்பி வராது. தண்ணீர் பட்ட சாக்லேட் அப்படித்தான் ஆகும் என்று பேக்கரிக்காரம்மா முதல் வாரமே சொல்லி, இவள் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

பக்கத்து அடுப்பில் அண்ணியின் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அண்ணி வந்து அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

"உங்க மூடியிலேருந்து தண்ணி சொட்டியிருக்கு."

கரண்டியோடு மறுபடி வந்து நின்ற அண்ணி திரும்பவில்லை. "எதுல?"

"என் கிண்ணத்துல. ரெண்டு தடவை திறந்தீங்க. வேணும்னே திறந்தீங்க."

இப்போது திரும்பினாள். கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்த சத்தத்தில் கூடத்திலிருந்த அண்ணனே எழுந்து வந்துவிட்டான்.

"என்ன சத்தம்?"

"உங்க தங்கச்சி துப்பறியறா. நான் சதி பண்ணிட்டேனாம். மூடியால."

"அப்படி நான்..."

"இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். அந்த மாடி அறை உனக்குக் கிடைக்கணும்னு உன்னைவிட நான்தான் தவிக்கறேன், தெரியுமா? நாலு வருஷமா என் சாப்பாட்டு மேசையை இழுத்து ஒரு ஓரமாப் போட்டு, உன் கட்டில் காலைத் தாண்டித் தாண்டி நடக்கறேன். என் கால் விரலைக் கேட்டா கதை கதையாச் சொல்லும். நான் போய் இதைக் கெடுப்பேனா? உன்னை இங்கேயே வெச்சுக் கொஞ்சவா?"

நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. நியாயமாகப் பட்டதாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

அண்ணன் இதற்குள் கெட்டுப்போன கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டான். "இதுவும் நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு மண்ணைக் குழைச்சு வெச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று அவனைத் தள்ளிவிட்டு, அண்ணி உப்பு டப்பா மேலிருந்த நோட்டைப் பிடுங்கினாள். "எல்லாத்தையும்தான் எழுதறியே. இங்கயும் எழுதியிருப்பே."

"அதைக் குடுங்க அண்ணி!"

"ஒன்று. கண்ணாடிக் கிண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்து அலசினேன்." அண்ணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க, ராகம் போட்டு வாசித்தாள். "இரண்டு. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி அதில் போட்டேன்." நோட்டைத் தாழ்த்தினாள். "நடுவுல துடைச்சேன்னு எங்க இருக்கு?"

அவள் நோட்டை வாங்கி அந்த இரண்டு வரிகளையும் பார்த்தாள்.

அந்த வீட்டின் சட்டம் அது. அலமாரியில் இருந்து எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் அலச வேண்டும், இரண்டு உதறு உதற வேண்டும், அப்படியே அடுப்பில் ஏற்ற வேண்டும். துடைக்கக் கூடாது. துணிதான் பெரிய அழுக்கு என்பது அண்ணியின் கட்சி. வந்த முதல் வாரம் ஒரு டம்ளரைத் துடைத்ததற்காக வாங்கிய திட்டு இன்னும் அவள் காதில் இருந்தது. நான்கு வருஷத்தில் அது கைக்குப் பழகிவிட்டது. இன்றைக்குக் கை தானாக அலசியது, தானாக உதறியது. நோட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்து அதைக் குறித்தும் வைத்திருந்தது.

"துணி அழுக்குன்னு சொன்னது நீங்க."

"சோறு பொங்கறதுக்குச் சொன்னேன். சாக்லேட் உருக்கறதுக்கா சொன்னேன்? உனக்குப் படிக்கத் தெரியும், யோசிக்கத் தெரியாது."

நறுக்கிய சாக்லேட் முழுவதும் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்காது. தையல்காரர் இந்நேரம் முப்பதையும் வரிசையாக வைத்து, அளவு நாடாவால் அளந்துகூடப் பார்த்திருப்பார்.

அண்ணி இடுப்புச் சாவியை எடுத்துத் தன் அலமாரியைத் திறந்தாள். இரண்டு பெரிய சாக்லேட் பாளங்களைக் கொண்டுவந்து மேடையில் அறைந்தாள்.

"எங்கம்மாவுக்கு வாங்கி வெச்சது. விடுமுறைக்குப் போறப்போ கொண்டு போகணும்னு. எடுத்துக்கோ."

"வேண்டாம் அண்ணி. நான்..."

"உனக்காகன்னா நினைச்சே? என் மேசைக்காக. நறுக்கு."

இரண்டாம் முறை அது சமையலாகவே இல்லை, விசாரணையாக இருந்தது. அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள்.

"கிண்ணம்?"

"துடைச்சாச்சு."

"கரண்டி?"

"துடைச்சாச்சு."

"உன் கை? நெத்தி வேர்வை அதுல விழும், தள்ளி நில்லு."

பருப்பை அண்ணி தானே இறக்கி வைத்துவிட்டாள். "உன்னால எல்லாரும் பட்டினி" என்று அதற்கும் ஒரு குத்து. சாக்லேட் இந்த முறை முரண்டு பிடிக்காமல் கரண்டியிலிருந்து நாடா போல் வழிந்தது. கடலையைப் போட்டுப் புரட்டியதும், அண்ணி ஒரு காய்ந்த ஸ்பூனால் நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"உப்பு போதலை."

"அளந்துதான் போட்டேன்."

"அளவு உன் நோட்டுக்கு. திங்கறது நாக்கு."

அவளும் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். போதவில்லைதான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு சிட்டிகை சேர்த்தாள். பிறகு பட்டர் பேப்பரில் முப்பத்தொரு குவியல் வைத்தாள். அந்த ஒன்று சோதனைக்கு.

ஒரு மணி நேரம் குவியல்களை ஆறவிட்டார்கள். மினுமினுவென்று இறுகியதும் அண்ணிதான் முதலில் கையை நீட்டினாள். முப்பத்தொன்றாவதை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தாள். டக்கென்று கேட்டது. பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மீதியை மேடையில் வைத்தாள்.

"அண்ணி, மூடி விஷயம்... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினதை நீயே வெச்சுக்கோ. அறை கிடைச்சுதுன்னா கட்டிலையும் எடுத்துட்டுப் போவியா, இல்ல அதை நான்தான் தூக்கிப் போடணுமா?"

"எடுத்துட்டுப் போறேன்."

"பாத்து எடு. கதவு நிலையில இடிக்காம."

மேடையில் இருந்த அரைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவள் நோட்டைத் திறந்தாள். எண் போட்ட வரிகளுக்குக் கீழே எழுதினாள்.

இன்றைய பெரிய தவறுகள்: ஒன்று, கிண்ணத்தைத் துடைக்கவில்லை. இரண்டு, அண்ணி மேல் பழி போட்டேன். முதலாவதைத் திருத்திவிட்டேன். இரண்டாவதைத் திருத்த முயன்றேன், அண்ணி விடவில்லை.

நாளை: எட்டரை மணிக்கு டப்பாவைக் காய்ந்த துணியால் துடைத்து, முப்பதையும் இரண்டு அடுக்காக, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் பேக்கரியில் கொடுக்க வேண்டும்.