சாட்சிக்கு வாங்கிய நாற்காலி

எங்கள் கம்பெனியின் சக்கர நாற்காலிகளை டீலர்கள் இணையத்தில் விற்கக் கூடாது. ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து அது. ஆளை நேரில் பார்த்து அளவெடுத்துத்தான் விற்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருந்தோம். எங்கள் சொந்த வலைத்தளத்தில் மட்டும் அளவே கேட்காமல் விற்றோம். அது வேறு கதையாம். இருபது வருடம் விற்பனை மேலாளராகக் குப்பை கொட்டிய நானும் அதற்குத் தலையாட்டியவன்தான்.

எங்கள் டீலரான ஒரு கடைக்காரம்மா துணிந்து இணையதளம் தொடங்கி வெளியூர்களுக்கு விற்றார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் ஊர் என் விற்பனைப் பகுதி இல்லை, என் குரல் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்று சொல்லி ஒரு நாற்காலி கேட்டு ஆர்டர் போட்டேன். வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் சாட்சிக்கு வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

அன்று சாயங்காலமே கடைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், அம்மாவோட இடுப்பு அகலம் எவ்வளவு?"

"பதினெட்டு இஞ்ச்."

"பாத்ரூம் கதவு?"

"முப்பத்தாறு," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அது பாத்ரூமா, லாரி ஷெட்டா? டேப் எடுத்து அளந்துட்டு வாங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

வேண்டாவெறுப்பாக அளந்தேன். அம்மாவின் இடுப்பு பதினாலு. எங்கள் கம்பெனி ஷோரூமிலிருந்து நான் பெருமையாகக் கொண்டுவந்து போட்ட நாற்காலி பதினெட்டு. இரண்டு வருடமாக அம்மா ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். வயசாகிவிட்டது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாத்ரூம் கதவுக்குள் அது நுழையாது. கடைசி நாலடி என் மனைவிதான் அவளைத் தாங்கிக்கொண்டு போவாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"இன்னிக்குத்தான் அளக்கத் தோணுச்சாடா?" என்றாள் அம்மா.

சரியான அளவில் நாற்காலி வந்தது. பில்லை மட்டும் ஆபீசுக்கு அனுப்பினேன். அதை வைத்தே கடைக்காரம்மாவின் டீலர்ஷிப்பை ரத்து செய்தார்கள். அவர் கடையில் முக்கால்வாசி எங்கள் சரக்கு. அது போனால் கடையை மூட வேண்டியதுதான். வியாபாரத்தில் போட்டியை நசுக்கும் ஒப்பந்தங்களை விசாரிக்கும் போட்டி ஆணையத்துக்குப் போனார் அவர்.

விசாரணையில் கம்பெனிக்கு நான்தான் சாட்சி. இணையத்தில் வாங்கினால் அளவு பார்க்க ஆளில்லை என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் கடை போகும். சொல்லாவிட்டால் என் வேலைக்கு உலை. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

எங்கள் வக்கீல் கேட்டார். "யாராவது நேர்ல வந்து அளவெடுத்தாங்களா?"

"இல்ல சார்."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். ஆணையத்தின் உறுப்பினர் அம்மையார் பட்டியலைப் புரட்டினார்.

"பிரிக்காத பெட்டி ஒண்ணு சாட்சிப் பொருள்னு போட்டிருக்கு. அது எங்க?"



"கொண்டுவர முடியாது மேடம். அதுல எங்கம்மா உக்காந்திருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம், நேரா."