சூடு தெரியாத கால்

காளியண்ணன் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தது அந்த மாதத்தில் நாலாவது தடவை. ஜேடர்பாளையம் சாலையில் அவன் உதிர்த்த செருப்புகளைப் பொறுக்கினால் ஒரு கடையே வைத்துவிடலாம். கழன்றதும் தெரியாது, வெறுங்காலில் முள் ஏறியதும் தெரியாது. வாசலில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான் மனைவி வசந்தாமணிக்கே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஆறு மாதம் ஏற்றிய மருந்தை வாய்க்காலில் விட்டிருந்தால் இரண்டு போகம் விளைந்திருக்கும். ஊர் பாடைக்கு மூங்கில் வெட்டி வைத்திருந்தது. ஆள் திரும்பி வந்து அந்த மூங்கிலில் கோழிக்கூண்டு கட்டினான். "மருந்து நரம்பையும் நெஞ்சையும் கொஞ்சம் கடிச்சிருக்கும்மா. ஓட்டம், பாரம் ரெண்டும் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதை வசந்தாமணி மட்டுமே காதில் வாங்கினாள். கிணற்றடியிலிருந்து வீடு வருவதற்குள் அவன் மூச்சு ரைஸ்மில்லாக இரைந்தது.

வினை அவளே தேடிக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், பிழைத்தால் அவரே மாரியம்மன் குண்டம் இறங்கி நெருப்பில் நடப்பார் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு பங்குனி சாக்குச் சொல்லி ஓடிற்று. எண்பத்தாறில் காளியண்ணன் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கென்ன புள்ள, சூடே தெரியாது. நடுக் குண்டத்துல நின்னு வெத்தல போட்டுட்டு வாரேன் பாரு."

"அதுதானுங்க பயம். சுடறவன் ஓடிருவான். நீங்க நின்னுக்குவீங்க."

"ஓடுனா நெஞ்சு நின்னுக்கும். எது வேணும், சொல்லு" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூசாரி அருணகிரியிடம் போய், அவருக்குப் பதில் நான் இறங்கட்டுமா என்று கேட்டாள்.

"நேந்தது அவரு பேருலீங்களே அம்மிணி. அவருதான் எறங்கோணும். கூட யாரு எறங்குனாலும் ஆத்தா வேண்டாங்க மாட்டா."

அன்றே அவளும் காப்புக் கட்டிக்கொண்டாள்.

விடிகாலையில் குண்டம் கனன்றது. நீளம் பன்னிரண்டடி, ஊர்க்கணக்கில் அறுபது. ஈர மஞ்சள் சேலையோடு அவனுக்குப் பின்னால் நின்று, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே நெஞ்சு தாளம் தப்பிய உருமியாகத் துள்ளியது.

"எங்காலு சுடறப்பத் தள்ளுவேன். எட்டி வையுங்க. ஓடாதீங்க."

"மாட்டையாட்டம் ஓட்டறயா?"

"ஆமாங்க. நடங்க."

முதல் அடியிலேயே அவளுக்கு உச்சிவரை சுட்டது. தள்ளினாள். பாதியில் கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியதும், அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட நின்றான். பல்லைக் கடித்து இரண்டு கையாலும் தள்ளினாள்.

மறுபக்கம் கால் நனைக்கும் பால்குழியில் இருவரும் விழாத குறை. "ஓடவே இல்ல பாருங்க, ராசநட!" என்று யாரோ அலறினார். பொழுது சாய்வதற்குள் அவன் குண்டத்தில் படுத்துத் தூங்கியதாகக் கதை பள்ளிபாளையம் போய்விடும்.

அவனை ஓரமாக உட்காரவைத்து, கொப்புளம் கிளம்பும் தன் காலை மண்ணில் ஊன்றிக் குந்தினாள். அவன் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"எப்பிடியிருக்குது புள்ள?" மூச்சு வாங்கக் கேட்டான்.

"இருங்க, பாக்கறேன்."

பால் சொட்டும் உள்ளங்காலில் கரியும் சாம்பலும் கெட்டியாக அப்பியிருந்தன. முந்தானையால் குதிகாலிலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினாள்.