இரண்டு முழப் பாராசூட்

"துணி பத்தாது போலிருக்கே," என்றாள் ஒஸ்பானின் அண்ணி ரவ்ஷான். வெள்ளைத் துணியைக் கைக்குட்டை அளவில் கிழித்துக் கிழித்து அவளுக்கும் ஒஸ்பானின் மனைவி குல்பாஷுக்கும் விரல் சிவந்துவிட்டது. சாவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு துண்டு கொண்டுபோக வேண்டும். முற்றத்தில் பண்ணை ஆட்கள் முழுக்க நின்றார்கள். ஒஸ்பான் உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத மகராசர்கள்.

"பெட்டியில ஏதாச்சும் இருக்கா, பாரேன்."

இருந்தது. பன்னிரண்டு வருஷமாக, கம்பளிக்கு அடியில்.

மனிதன் வானத்துக்குப் போய்த் திரும்புவதே அப்போதுதான் தொடங்கியிருந்தது. காலையெல்லாம் ரேடியோ கத்திக்கொண்டிருந்த பெயருக்குரியவன், மத்தியானம் இவர்கள் ஆட்டுப்பட்டிக்கு அருகே ஆரஞ்சு நிறப் பாராசூட்டில் வந்து இறங்கினான். அவனுக்கு நிற்கக் கால் வரவில்லை. ஒஸ்பான் தோள் கொடுத்தான், இரண்டு கிண்ணம் மோர் கொடுத்தான். இருவரும் கிணற்றடிக்குப் போன நேரத்தில் குல்பாஷ் கத்தரிக்கோலை எடுத்தாள். பெரிய மனிதர்களின் துணியில் ஒரு துண்டு வாங்கிப் பிள்ளைக்குத் தைத்தால் அவர்கள் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், தைத்துப் போடப் பிள்ளை இல்லை. வானத்துத் துணியாவது ஒரு பிள்ளையைக் கொடுக்காதா என்ற நப்பாசை.

ஹெலிகாப்டரில் வந்தவர்கள் பாராசூட்டை அளந்தார்கள். இரண்டு முழம் குறைந்தது. ஒஸ்பான் ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தான்: "என் வீட்டுல யாரும் தொடல." ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து பண்ணைக்கே அவன் திருடன்.

அவள் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பயம், மறுநாள் வெட்கம், அப்புறம் பழகிவிட்டது.

அடுத்த வருஷம் அந்த விண்வெளி வீரன் பண்ணைக்கு விருந்தாளியாக வந்தான். மோர் கொடுத்தவர் எங்கே என்று கேட்டானாம். ஊரில் இல்லை என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். ஒஸ்பானோ இஸ்திரி போட்ட சட்டையோடு சாயங்காலம்வரை வாசலில் காருக்காக நின்றான். "கூட்டம் அதிகமா இருந்திருக்கும்," என்றான் அவளிடம். பிள்ளையும் வரவில்லை.

குல்பாஷ் பெட்டியைத் திறந்தாள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததும் ரவ்ஷானுக்கு விளங்கிவிட்டது.

"அடிப்பாவி. நீயா?"

"நான்தான்க்கா."

"உள்ள வை. தம்பிதான் போயாச்சே, இனிமே எதுக்கு?"

குல்பாஷ் கிழிக்கப் பார்த்தாள். அது கிழிகிற துணி இல்லை, வெட்டத்தான் வேண்டியிருந்தது. துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு, பெண்கள் போகாத முற்றத்துக்கு அவளே போனாள். ஒஸ்பானைப் போர்த்தி நடுவில் கிடத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சுத் துண்டாகக் கொடுத்தாள்.

"இத வெட்டினது நான். அவருக்குத் தெரியாது. கடைசிவரைக்கும் தெரியாது."

பண்ணை மேலாளர் தன் துண்டை விரித்துப் பார்த்தார்.

முல்லா எல்லாப் பிணத்துக்கும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

குதிரை திருடியவன் செத்தாலும் 'நல்லவர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற ஊர். இன்று சத்தம் வரவில்லை. பிறகு மேலாளர்தான் முதலில் சொன்னார்.

"நல்ல மனுஷன்."

மற்றவர்களும் சொன்னார்கள்.

குல்பாஷ் உள்ளே வந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. அவள் சுவரோரம் நின்றபடியே ஒப்பாரியைத் தொடங்கினாள்.